மூன்றில் ஒரு பங்கு அகலம்

அலுவலகத்தில் அவளுக்குக் கறுப்புத்திரை என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் கை காட்டுவார்கள். மற்றவர்களெல்லாம் மவுஸைப் பிடித்துக்கொண்டு அங்கே ஒரு தட்டு இங்கே ஒரு தட்டு என்று வேலை பார்க்கும்போது, இவள் மட்டும் கறுப்பாக ஒரு திரையைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் வெள்ளை எழுத்தில் கட்டளை எழுதுவாள். ஒரே ஒரு வரி, பிறகு என்டர். நாற்பது படங்கள் ஒரே மூச்சில் சுருங்கி, பெயர் மாறி, வரிசையாகப் போய் உட்கார்ந்துவிடும். பக்கத்து மேசைக்காரர் முதல் படத்தைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள், இவள் டீ குடித்துவிட்டு டம்ளரையும் கழுவி வைத்துவிடுவாள்.

அவள் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அவள் அந்தக் கறுப்புத் திரையைப் பிடித்துக்கொண்டது வேகத்துக்காக இல்லை, பயத்தால். படத்தைத் திறந்து பார்க்காமலே படத்தை வேலை வாங்கலாம் என்பதுதான் அதில் அவளுக்குப் பிடித்த ஒரே விஷயம். ஏனென்றால் அவள் கைக்கு வந்த படங்கள் அத்தனையும் இறந்தவர்களின் முகங்கள்.

யார் என்று தெரியாமல் இறந்துபோகிறவர்களுக்கு என்று அரசாங்கம் வைத்திருந்த அலுவலகம் அது. தெருவில் விழுந்தவர்கள், ஆற்றில் மிதந்தவர்கள், ஆஸ்பத்திரியில் பெயர் சொல்லாமலே கண்ணை மூடியவர்கள் என்று எல்லோரும் கடைசியில் அங்கேதான் வருவார்கள். கட்டடத்தின் பின்பாதி குளிர் அறை. முன்பாதி ஒரு கூடம். கூடத்தில் இரண்டு வரிசை நாற்காலிகள், எதிரே சுவரில் பெரிய திரை, ஓரத்தில் கறுப்புத்திரையின் மேசை. வீட்டு ஆளைக் காணோம் என்று வருகிறவர்களை முதலில் நாற்காலியில் உட்கார வைத்துத் திரையில் முகங்களைக் காட்டுவார்கள். இவராக இருக்கலாம் என்று சொன்னால்தான் உள்ளே அழைத்துப் போவார்கள். முன்பெல்லாம் நேரே உள்ளே கூட்டிப்போய், பத்துப் பேரில் நாலு பேர் மயங்கி விழுந்து, அதற்குப் பிறகு வந்த விதி அது. இருபத்தோரு நாள் வரை யாரும் உரிமை கோராவிட்டால் நகரத்துக்கு வெளியே எண் போட்ட கல்லின் கீழ் புதைத்துவிடுவார்கள். புதைத்த பிறகும் முகம் ஒரு வருஷம் திரையில் இருக்கும்.

அந்த முகங்களைத் திரையின் கட்டங்களுக்குப் பொருந்துமாறு அளவு மாற்றிக் கொடுப்பதுதான் அவள் வேலை. கட்டம் அறுநூறு புள்ளி அகலம், எண்ணூறு புள்ளி உயரம். குளிர் அறையில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் கேமராவில் படம் எடுத்து அனுப்புவார். இவள் கட்டளை கொடுப்பாள். படம் போய்க் கட்டத்தில் உட்காரும். பதினான்கு வருஷமாக இதே வேலை.

நாலு வருஷத்துக்கு முன்னால் கண்காணிப்பாளருக்குத் திடீரென்று ஒரு குறை கண்ணில் பட்டது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு மயிரிழை அளவுக்கு வெள்ளைக் கோடு தெரிகிறதாம். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கேமராவின் படம் சுருங்கும்போது எண்ணூறுக்குப் பதில் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றது. ஒரு புள்ளி குறை. செத்தவர்கள் முகத்தைப் பார்க்க வருகிறவர்கள் அந்தக் கோட்டையா பார்க்கப் போகிறார்கள் என்று அவள் மனசுக்குள் திட்டினாள். ஆனால் வெளியே சரி சார் என்றாள். அவள் கட்டளையைக் கேட்டுப் படத்தைச் சுருக்கும் மென்பொருளில் அளவுக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் போதும், படத்தின் இயல்பான வடிவம் என்ன என்று அது கவலைப்படாது. சொன்ன அகலம், சொன்ன உயரம், அவ்வளவுதான். இழுத்தோ அமுக்கியோ கொண்டுவந்து நிறுத்திவிடும். ஒரு புள்ளிதானே இழுக்கப் போகிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்று குறியைப் போட்டாள். கோடு போய்விட்டது. கண்காணிப்பாளர் முதல் தடவையாக அவள் மேசை வரை வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

ஏழு மாதங்களுக்கு முன் குளிர் அறையின் ஈரத் தரையில் கேமரா விழுந்து உடைந்தது. புதிதுக்கு எழுதிப் போட்டார்கள். அது வருகிறபோது வரட்டும் என்று அண்ணன் கையில் ஒரு ஃபோனைக் கொடுத்தார்கள். படங்கள் வழக்கம்போல் வந்தன. அவள் வழக்கம்போல் கட்டளை கொடுத்தாள். எதையும் திறந்து பார்க்கவில்லை.

அவள் தங்கை வீட்டில் மாடி அறையில் இருந்தாள். கல்யாணம் என்ற பேச்சை முப்பது வயதிலேயே மூட்டை கட்டி வைத்தவள். தங்கை, தங்கையின் வீட்டுக்காரர், கல்லூரிக்குப் போகிற ஒரு பெண், அவ்வளவுதான் குடும்பம். அந்த ஏழு மாதங்களில் அவளுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. யாரைப் பார்த்தாலும் இளைத்துப் போய்விட்டதாகச் சொல்ல ஆரம்பித்தாள். தங்கையிடம் சொன்னாள், தங்கை சந்தோஷப்பட்டாள். தங்கையின் வீட்டுக்காரரிடம் சொன்னாள், அவர் தொப்பையைத் தடவிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றார். பெண்ணிடம் நாலைந்து தடவை சொன்ன பிறகு, "பெரியம்மா, உங்க கண்ணுல எலும்புக்கூடுதான் தெரியும் போல" என்று அது சிரித்தது. இவளும் சிரித்தாள். ஆனால் அது விளையாட்டாகச் சொன்னது இல்லை. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கன்னங்கள் உள்ளே போயிருந்தன. கடைக்காரரின் முகம் ஒடுங்கி நீண்டு தெரிந்தது. காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தெரிந்த தன் முகமே யாரோ நோயாளியின் முகமாக இருக்க, அவள் இரண்டு தடவை டாக்டரிடம் போய்ச் சர்க்கரை பார்த்துவிட்டு வந்தாள். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரம்மா வர ஆரம்பித்தாள்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடாவைப் போட்டபடியே வந்திருந்தாள், எடுத்து வைக்க மறந்துபோயிருக்கிறாள். அவளும் புருஷனும் சேர்ந்து தையல் கடை நடத்தினார்கள். அவர் வெட்டுவார், இவள் தைப்பாள். காலருக்குள் வைத்துத் தைக்கிற உள்துணி வாங்கிவருகிறேன் என்று ஒருநாள் காலையில் கிளம்பிப் போனவர் திரும்பவில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, ஸ்டேஷன் ஸ்டேஷனாக மூன்று வாரத்துக்கு மேல் அலைந்துவிட்டு, இங்கே மட்டும் வரக்கூடாது என்று ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டுக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கறுப்புத்திரை முகங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். இருபத்தாறாம் எண்ணில் தையல்காரம்மா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் இறந்தவர். தலையில் புருவம் வரை கட்டு, கழுத்துக்குக் கீழே வெள்ளைத் துணி. சொந்தத் துணி என்ன ஆனது என்று ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியவில்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆண், அடையாளம் ஏதுமில்லை என்று பதிவில் இருந்தது. தையல்காரம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே திரும்பினாள்.

"மூக்கு அவரோடது மாதிரி இருக்கு. ஆனா அவருக்குக் கழுத்து பதினாலரை இன்ச்சுக்கா. இருபத்திரண்டு வருஷமா நான்தானே தைக்கிறேன். இந்தக் கழுத்துக்குப் பதினெட்டு இன்ச்சாவது வேணும். முகமும் இவ்ளோ அகலமில்லை."

செத்த பிறகு முகம் கொஞ்சம் உப்பும் என்பது கறுப்புத்திரைக்குத் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம். எதற்கும் உள்ளே வந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே நிற்கிறவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். அளவு தெரிந்தவள் அளவு ஒத்துவரவில்லை என்கிறாள். அவளைப் போய் எதற்கு அந்தக் குளிர் அறைக்குள் இழுப்பானேன் என்று இவளுக்கு இரக்கம் வந்தது. அதனால் சொன்னாள்:

"அப்ப இது அவர் இல்லைம்மா. அடுத்ததைப் பாருங்க."

கடைசிவரை பார்த்தும் வேறு எந்த முகமும் ஒத்துவரவில்லை. தையல்காரம்மா இவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இங்கே இல்லை என்றால் எங்கேயோ இருக்கிறார் என்றுதானே அர்த்தம் என்று அவள் கேட்டபோது, இவளும் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவாள். அந்த அலுவலகத்தை விட்டு முகம் மலர்ந்து போகிற ஒரே ஆள் அவள்தான். இருபத்தாறாம் எண் வரும்போது, இது அன்றைக்கே பார்த்தாச்சு என்று அவளே கையை அசைத்துத் தள்ளிவிடுவாள். புதிதாக வந்த முகங்களை மட்டும் பார்ப்பாள். ஒருநாள் ஒரு பையோடு வந்தாள். உள்ளே இவளுடைய கம்ப்யூட்டருக்கு ஒரு தூசி உறை, நீலத் துணியில், ஓரத்தில் மடிப்பு வைத்துத் தைத்தது. அளவே எடுக்காமல் எப்படித் தைத்தீர்கள் என்று கேட்டதற்கு, கண்ணால் எடுத்தேன் என்றாள். போட்டுப் பார்த்தால் ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தினமும் காலையில் அந்த உறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத்தான் கறுப்புத்திரை வேலையை ஆரம்பித்தாள்.

குளிர் அறை அண்ணன் முன் கூடத்துக்கு வருகிறவர் இல்லை. பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போய்விடுவார். முப்பது வருஷம் பிணங்களோடு இருந்தவர், உயிரோடு இருக்கிறவர்களிடம் என்ன பேசுவது என்று தெரியாது என்பார். ஒருநாள் பின்பக்கத் தரைக்குச் சிமெண்டு பூசினார்கள். மதிய நேரத்தில் வேறு வழியில்லாமல் கூடம் வழியாக வந்தார். நாற்காலிகள் காலி. சுவரில் எட்டு முகங்கள். நடந்து வந்தவர் நின்றார்.

"என்ன தங்கச்சி, என் மூடி ஏன் இப்படி முட்டையா இருக்கு?"

அவள் என்ன மூடி என்று கேட்டாள். ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில், காதை ஒட்டி, எண் எழுதின ஒரு வெள்ளைத் தகடு இருக்குமே, அதுதான். எண் எழுதும் அட்டைகள் ஈரத்தில் ஊறிப் போகின்றன என்று ஒரு பெயிண்ட் டப்பாவின் மூடியை வெள்ளையடித்து, அதில் எண்ணை எழுதி எழுதி அழித்து, பல வருஷமாக அவர் அதையே வைத்துக்கொண்டிருந்தார். அவள் அதை முட்டை வடிவத் தகடு என்றுதான் நினைத்திருந்தாள். இதுவரை அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அவர் உள்ளே போய் மூடியை எடுத்துவந்து அவள் மேசையில் வைத்தார். வட்டமாக இருந்தது.

அவள் மனசு வேறு ஆளைத் தேடியது. முதலில் சுவர்த் திரைமேல் சந்தேகப்பட்டாள். பழைய திரை, இழுத்துக் காட்டுகிறதோ என்று அதே படத்தைத் தன் கம்ப்யூட்டரில் போட்டாள். அங்கேயும் முட்டை. பிறகு முகங்களை வரிசைப்படுத்தும் நிரலைச் சந்தேகப்பட்டாள். அதை எழுதிக் கொடுத்த ஆள் ஊரை விட்டே போயிருந்தான், பழி போட வசதியான ஆள். நிரலைத் தவிர்த்துவிட்டுப் படத்தை நேரே திறந்தாள். முட்டை. ஃபோன்தான் கோளாறு என்று அண்ணனிடம் ஃபோனை வாங்கி, அதில் இருந்த மூலப் படத்தைப் பார்த்தாள். வட்டம். அச்சு அசலாக வட்டம். ஃபோனில் வட்டமாக இருப்பது அவள் கையைத் தாண்டி வரும்போது முட்டையாகிறது. நடுவில் இருப்பது அவளும் அவளுடைய ஒரு வரியும்தான்.

அந்த வரியை அவள் அதுவரை சந்தேகிக்கவே இல்லை. இப்போது எழுத்து எழுத்தாகப் படித்தாள். அளவுக்குப் பின்னால் ஆச்சரியக்குறி நின்றுகொண்டிருந்தது.

பழைய கேமராவின் படம் மூன்றுக்கு நாலு என்ற வடிவம். கட்டமும் அதே வடிவம். குறி இழுத்தது ஒரு புள்ளியைத்தான். ஃபோன் எடுக்கும் படம் ஒல்லியானது, உயரமானது. அதை இயல்பாகச் சுருக்கினால் நானூற்றைம்பது புள்ளி அகலம்தான் வரும். குறி அதை அறுநூறுக்கு இழுத்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடுதல். ஏழு மாதமாக, அங்கே வந்த ஒவ்வொரு முகத்துக்கும், ஒவ்வொரு கழுத்துக்கும்.

யாரும் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். யார் கண்டுபிடிக்க முடியும்? செத்தவர் முகம் உப்பித்தான் இருக்கும் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. இது சரியான முகம் இல்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்த குடும்பத்து ஆட்கள் மட்டும்தான். அவர்கள் சொல்லவும் செய்தார்கள். இல்லை, இவர் எங்க ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

அவள் குறியை எடுத்துவிட்டு மூலப் படங்களை மறுபடி ஓடவிட்டாள். ஒரே வரி, ஒரே என்டர். ஓடி முடிந்ததும், பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக ஒவ்வொரு படத்தையும் தானே திறந்து பார்த்தாள். நாற்பத்தொரு பேர். இத்தனை மாதமாகச் சுவரில் பார்த்துப் பழகிய நாற்பத்தொரு தடித்த முகங்களும் போய்விட்டன. அந்த இடத்தில் ஒல்லியாக, சோர்வாக, பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் மாதிரி நாற்பத்தொரு பேர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் யாரையும் அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இருபத்தாறாம் எண் வந்தபோது அவள் கை தானாக நின்றது. நீண்ட மூக்கு, ஒடுங்கின கன்னம். கழுத்து மெலிந்து, ஒரு பக்கம் நரம்பு தெரிந்தது. அளவு நாடா இல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பதிவேட்டை எடுத்துப் புதைத்த தேதியைப் பார்த்தாள். பார்த்த பிறகு பதிவேட்டை மூடி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆறிப் போயிற்று.

கண்காணிப்பாளரிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. இனிமேல் வருகிற படம் சரியாக வந்தால் போதும், பழையதைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுங்கள் என்றார். பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னவர்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டாமா என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்றுதான்.

"இத்தனை மாசமா அவங்க நிம்மதியா இருக்காங்க. நீங்க போய்ச் சொன்னா யாருக்கு நல்லது? அவங்களுக்கா, உங்களுக்கா?"

அந்தக் கேள்வி அவள் கூடவே வீட்டுக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் தங்கையைப் பார்த்தாள், தங்கையின் வீட்டுக்காரரைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள். யாரும் இளைக்கவில்லை. எல்லோரும் எப்போதும் இருந்தபடியேதான் இருந்தார்கள். அவள் கண்தான் இத்தனை நாளும் இறந்தவர்களின் அளவை வைத்துக்கொண்டு உயிரோடு இருந்தவர்களை அளந்திருக்கிறது. அது தெரிந்த பிறகும் முகங்கள் சரியாகவில்லை. பார்க்கப் பார்க்க ஒவ்வொரு முகமும் கொஞ்சம் அகன்று, கொஞ்சம் ஒடுங்கி, எது நிஜ அளவு என்று பிடிபடாமல் அசைந்தது. என்னக்கா அப்படிப் பார்க்கிறே என்று தங்கை கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தையல்காரம்மா வந்தாள். கறுப்புத்திரை சுவர்த் திரையை அணைத்து வைத்திருந்தாள். திரை பழுது, அடுத்த வாரம் வாங்கம்மா என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். தையல்காரம்மாவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பரவாயில்லைக்கா, எப்படியும் இருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டு, அவருக்காக ஒரு சட்டை தைத்து மாட்டி வைத்திருப்பதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனாள். அவள் வாசலைத் தாண்டின உடனே, இன்னொரு செவ்வாய்க்கிழமை இந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து பொய் சொல்ல உடம்பில் தெம்பில்லை என்பது இவளுக்குத் தெரிந்துவிட்டது. அது நியாயமா, சுயநலமா என்று யோசிப்பதையும் அவள் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தையல் கடைக்குக் கிளம்பினாள். படத்தை அலுவலகப் பிரிண்டரில் எடுத்து உறையில் போட்டிருந்தாள். பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டாள். முதலில் உட்காரச் சொல்ல வேண்டும். தப்பு அவளுடையது இல்லை, அவள் அளவு சரிதான், படம்தான் தப்பு என்று சொல்ல வேண்டும். யார் செய்த தப்பு என்று கேட்டால் என்னுடையது என்று சொல்ல வேண்டும். கல்லின் எண், போகிற வழி, எழுதிக் கொடுக்க வேண்டிய மனு எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். பதிவேட்டில் பார்த்த தேதியை மட்டும் அவள் எழுதவில்லை. கேட்காமல் இருந்துவிட்டால் போதும் என்று இருந்தது.

கடை ஒரு சந்துக்குள் இருந்தது. ஒரே அறை. வெட்டும் மேசை, இரண்டு மெஷின்கள், அதில் ஒன்றுக்கு மூடி போட்டிருந்தது. சுவரில் ஆணி ஆணியாக முடித்த துணிகள் தொங்கின. அவள் வந்ததைப் பார்த்ததும் தையல்காரம்மாவின் முகம் பூரித்தது. அலுவலகத்து ஆள் கடை தேடி வந்திருக்கிறாள் என்றால் நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு. ஸ்டூலை இழுத்துப் போட்டு, மேலே இருந்த துணுக்குத் துணிகளைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னாள்.

முதலில் அவளை உட்காரச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்தவள் தானே உட்கார்ந்தாள். உறையை எடுத்து மேசையில் வைத்தாள். திரையில் காட்டின படம் தப்பாக இழுத்திருந்தது, இதுதான் சரியான படம், இழுத்தது நான்தான் என்று மட்டும் எப்படியோ சொல்லிவிட்டாள்.

தையல்காரம்மா உறையைத் திறந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் பார்க்க ஒரு நொடிதான் ஆனது. அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டே நின்றாள். கட்டைவிரலால் அந்தத் தலைக்கட்டின் ஓரத்தைத் தடவினாள், அதைக் கொஞ்சம் மேலே தள்ளிவிடப் பார்க்கிறவள் போல. பிறகு படத்தை வெட்டும் மேசையில், கத்தரிக்குப் பக்கத்தில், முகம் மேலே தெரியும்படி வைத்தாள். அழவில்லை. இவர்தான் என்றாள்.

கறுப்புத்திரை தாளை எடுத்து நீட்டினாள். தையல்காரம்மா அதை வாங்கவில்லை.

"நான் முதல் தடவை வந்தேனே, அந்தச் செவ்வாய்க்கிழமை. அப்ப இவர் எங்க இருந்தார்?"

இதைத்தான் கேட்கக்கூடாது என்று அவள் வழி நெடுக வேண்டிக்கொண்டு வந்தாள். தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம்பிவிடுவாள். இவள் எது சொன்னாலும் நம்புகிறவள் அவள்.

"உள்ளதான் இருந்தார்மா. நீங்க உக்காந்திருந்த நாற்காலிக்குப் பின்னாடி ஒரு சுவர். அதுக்கு அந்தப் பக்கம்."

"அப்புறம் எத்தனை நாள் இருந்தார்?"

"ரெண்டு நாள். வியாழக்கிழமை காலையிலதான் எடுத்துட்டுப் போனாங்க."

தையல்காரம்மா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். மேசையில் கிடந்த நூல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தாள். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். தன்னைத் திட்டுவாள், அடிப்பாள், படத்தைக் கிழித்து எறிவாள் என்று கறுப்புத்திரை காத்திருந்தாள். அதில் எது நடந்திருந்தாலும் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"அதுவரைக்கும் மூணு வாரமா தொண்டையில ஒண்ணுமே இறங்கலைக்கா" என்றாள் தையல்காரம்மா. குரல் சாதாரணமாக இருந்தது. "நீங்க அவர் இல்லைன்னு சொன்னீங்க பாருங்க, வீட்டுக்குப் போனதும் அப்படி ஒரு பசி. அடுப்பு பத்த வச்சு, சுடச்சுட ஆக்கி, ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். புதன்கிழமையும் நல்லா சாப்பிட்டேன்."

கறுப்புத்திரை அவளைப் பார்த்தாள். அகலம், உயரம் எல்லாம் சரியாக, ஒரு நூல் கூடுதலும் குறைவும் இல்லாமல், அந்த முகம் அவளுக்கு நேராகத் தெரிந்தது. ஸ்டூலை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. போங்கள் என்று தையல்காரம்மாவும் சொல்லவில்லை.